மத்தியானச் சோறும் ஒரு போனும்

சோறு சாப்பிட ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். சிரித்தார்கள். "திங்காமக் கெடக்குறதெல்லாம் ஒரு நோவா? கொழுப்பு" என்று எதிர்வீட்டில் சொன்னது, என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனால் அம்மா எல்லோரிடமும் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்தாள். வயிற்றுப்புண்ணுக்கு எங்கள் தெருவில் மரியாதை உண்டு. ரெண்டு வீட்டிலிருந்து இளநீர்கூட வந்தது.

எதனால் வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்கிற எல்லோருக்கும் ஒரே ஒரு காரணம் வேண்டும், அதுவும் ஒரு வரியில் வேண்டும். போடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்தேன். "இளைச்சு அழகாயிட்டியே" என்றார்கள். அப்புறம் குறைப்பதை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பசி இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் பில் போடுகிற இடத்திலேயே மயங்கி விழுந்தேன். பெரியாஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, இது வயிறு மட்டும் இல்லை, மனசும்தான் என்று சொல்லி, மூணாறு ரோட்டில் மலையடிவாரத்து முந்தல் ஊருக்கு முன்னால் இருக்கிற ஒரு சின்ன மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று சொல்ல ஆளில்லை. கட்டிப் போடுவார்கள், ஷாக் வைப்பார்கள், வாயைப் பிளந்து ஊட்டுவார்கள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். என் விஷயத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் உட்கார்ந்திருப்பதுதான். தட்டுக்கு முன்னால் உட்காருவது, தட்டை எடுத்த பிறகு உட்காருவது, அடுத்த தட்டு வரும்வரை உட்காருவது.

சேர்ந்த அன்றைக்கு நர்சம்மா கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு இருக்கப் போறா?" அம்மா தரையைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். நான் பள்ளிக்கூடம் போகும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா தினமும் ஜீப்பில் மலை மெட்டு ஏறி, கேரளா பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகிறவள். காய் எடுக்கிற நேரம் அது. நாலு நாள் போகாவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி ஏறி உட்கார்ந்துவிடுவாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்னை வளர்த்தவள் என்று எல்லா அம்மாவையும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது நிஜமாகவே அப்படித்தான் நடந்தது.

"ஞாயித்துக்கெழம வர்றேன் ஆத்தா. சொன்னதக் கேட்டு இரு" என்று பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் கோபத்தை மட்டும் வெளியே காட்டினேன்.

ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு நேரே ரோடு. காலையில் ஜீப்புகள் அந்த வழியாகத்தான் மேலே ஏறும். பொம்பளைகளை அடைத்துக்கொண்டு, பின்னால் ரெண்டு பேர் தொங்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். எந்த ஜீப்பில் அம்மா இருக்கிறாள் என்று தெரியாது. அதனால் எல்லா ஜீப்பையும் பார்ப்பேன். கடைசி ஜீப்பு வளைவில் திரும்பி மறைந்த பிறகு மலை மட்டும் நிற்கும். சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகுதான் அவை இறங்கி வரும்.

நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ இப்படிப் போக நேர்ந்தால் என்று சொல்கிறேன். காலையில் எழுந்ததும் எடை பார்ப்பார்கள். மிஷினுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். எண் அவர்களுக்கு, நமக்கு இல்லை. அதற்காக நான் போட்ட சண்டை வார்டு முழுக்கக் கேட்டது. "என் ஒடம்பு, எனக்குச் சொல்ல மாட்டீங்களா?" என்றேன். "அந்த நம்பரோடதான் ஒனக்கு இம்புட்டு நாளாச் சண்டை. கொஞ்ச நாளைக்கு அத நாங்க வச்சுக்கிறோம்" என்றார் டாக்டரம்மா. அப்புறம் ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுப்பார்கள்.

சோற்றைக் குவித்து வைப்பார்கள் என்று பயந்தேன். வந்தது குட்டித் தட்டில் கொஞ்சூண்டு. ரொம்ப நாள் காய்ந்த உடம்புக்கு ஒரேயடியாகப் போட்டால் இதயத்துக்கே ஆபத்தாம், படிப்படியாகத்தான் ஏற்றுவார்களாம். அந்தக் கொஞ்சூண்டுக்கே வயிறு உப்பிக்கொண்டது. கால் வீங்கியது. அன்றைக்கு நான் முடிவே பண்ணிவிட்டேன், என்னைக் கெடுத்துவிட்டார்கள் என்று. அது தண்ணீர்தான், வற்றிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். வற்றியது. முன்கூட்டியே ஒருத்தர் சொல்லியிருந்தால் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும்.

சாப்பிட்ட பிறகு படுக்கைக்குப் போக விடமாட்டார்கள். ஹாலில் நர்சம்மா பக்கத்திலேயே கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே அவர் நிற்பார். வளர்ந்த பொம்பளைக்கு இதைவிட என்ன அசிங்கம் வேண்டும்? முதல் வாரம் அவர் முகத்தைப் பார்த்தே நான் பேசவில்லை.

சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருப்பாரே, அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. கல்யாணப் பந்தியில் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், நீங்கள் மட்டும் இலைக்கு முன்னால் இருக்கிறீர்கள், ஒருத்தர் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தது. அவர் ஒன்றும் திட்டமாட்டார். "சின்ன வாயா வையிம்மா. அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்." ஒவ்வொரு வேளையும் இதே வார்த்தை, இதே குரல். ஒருநாள் எரிச்சலில் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டேன். குனிந்து பொறுக்கினார். வேறு தட்டு வந்தது. "சின்ன வாயா வையிம்மா" என்றார்.

இந்த வியாதிக்கு அங்கே நான் ஒருத்திதான். மற்றவர்கள் முக்கால்வாசி குடியை விட வந்த ஆண்கள். அவர்கள் நீள மேசையில் கூட்டமாக, சிரிப்பும் சத்தமுமாகச் சாப்பிடுவார்கள். அதில் ஒரு அண்ணன், எஸ்டேட்டுக்கு லோடு ஜீப்பு ஓட்டியவர், என் தட்டை எட்டிப் பார்த்து, "யானப் பசிக்குச் சோளப்பொரியா?" என்பார். இன்னொரு நாள், "நாங்கெல்லாம் எதையாவது விடுறதுக்கு வந்துருக்கோம். நீ மட்டும்தான் பிடிக்கிறதுக்கு வந்துருக்க. ஒன் சோலிதான் செரமம்" என்றார். கேலிக்குச் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, அவ்வளவு பேரில் அவர் ஒருவருக்குத்தான் விஷயம் புரிந்திருந்தது. ஆனாலும் அவர் சாப்பிட்டு எழுந்து கூட்டாளிகளோடு போய்விடுவார். தனியாக இருந்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

வீட்டு ஆள் ஒருத்தர் தினமும் ஒரு வேளையாவது கூட உட்கார்ந்து சாப்பிட்டால் நல்லது என்று டாக்டரம்மா நினைத்தார். அதற்கு ஆளில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மத்தியானம் அம்மாவும் மேலே சாப்பிடத்தானே செய்வாள், அந்த நேரத்துக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே ரெண்டு பேரும் சாப்பிடுங்கள் என்றார். எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்காது. காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால் கிடைக்கும். அம்மா சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாறையில் ஏற ஆரம்பித்தாள்.

முதல் நாள் போனை மேசையில் நர்சம்மா ஸ்பீக்கரில் வைத்தார். ஒரே காற்றுச் சத்தம். அப்புறம் டப்பா மூடி திறக்கிற சத்தம்.

"என்னம்மா கொண்டு போன?"

"புளிச்சோறும் வத்தலும்."

"எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்கு. நான் ஒரு வாய் வச்சிட்டேன் ஆத்தா. நீ வையி."

வைத்தேன். "அடுத்த வாய் வச்சிட்டேன்" என்றாள். நானும் வைத்தேன். அங்கே கீழே யாரோ மலையாளம் கலந்து சிரித்துப் பேசுவது கேட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக மத்தியானத் தட்டு காலியானது. பயம் எங்கேயும் போகவில்லை, கூடவே உட்கார்ந்திருந்தது. ஆனாலும் எதிரே நின்று பார்க்கிறவள் இல்லை அம்மா. கூடச் சாப்பிடுகிறவள். காலையில் ஜீப்புகளைப் பார்ப்பேன், மத்தியானம் போனில் ஒரு வாய்க்கு ஒரு வாய். நாள் அப்படி ஓடியது. என்ன கேட்டாலும் அவள் சோறு நல்லாத்தான் இருக்கும். தயிர்சோறு நல்லாருக்கு, எலுமிச்சைச் சோறு நல்லாருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க வந்தபோது வளையலைக் கவனித்தேன். மணிக்கட்டில் நிற்க வேண்டியது முழங்கை வரைக்கும் ஓடி ஓடி இறங்கியது. ரவிக்கைத் தோள் தொங்கியது. கன்னம் ஒட்டிக் கிடந்தது. மற்றவர்கள் இதைப் பார்த்தால் வேலைக் களைப்பு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பாடத்தை நான் என் உடம்பிலேயே படித்தவள்.

அவளோடு ஜீப்பில் போகிற ஒரு சித்தியும் வந்திருந்தாள். உறவில்லை, பழக்கத்தில் சித்தி. அம்மா டீ வாங்கப் போன நேரத்தில் நான் அந்தச் சித்தியைப் பிடித்துக்கொண்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

"ஒங்கம்மா மத்தியானத்துக்குப் பச்சத்தண்ணிதான் குடிக்கிறா. நீ நல்லபடியா வீடு வந்து, நீயாச் சோறு போட்டுச் சாப்பிடுற வரைக்கும் பகல் சோறு தொடமாட்டேன்னு கொலசாமிக்கு நேந்துருக்கா. போன் பேசி முடிச்சிட்டு டப்பாவ அப்பிடியே எங்ககிட்டத் தள்ளிவிட்ருவா."

அந்த மூடிச் சத்தம், 'வச்சிட்டேன்' என்ற சொல், எல்லாம் பொய். இத்தனை நாளும் நான் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

அம்மா டீயோடு வந்தாள். வாங்கிக் கீழே வைத்தேன். "நான் பட்டினி கெடந்தா ஆஸ்பத்திரி. நீ பட்டினி கெடந்தா சாமி கணக்கா?" என்றேன்.

அவள் சித்தியைப் பார்த்தாள். சித்தி ஜன்னலைப் பார்த்தாள். "வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?" என்றாள் அம்மா. "டாக்டரு மாதிரி வைத்தியமா தெரியும்? சாமிகிட்டதான் கேக்க முடியும். சும்மா கேட்டாக் குடுக்குமா?"



மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், எனக்குக் குணமாகிவிட்டது, வீட்டுக்கு விடுங்கள் என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவங்க பட்டினிய நிறுத்த நீ பாதியில போனா, ஒன் பட்டினிய யாரு நிறுத்துறது?" என்றார். தானே அம்மாவிடம் பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நேர்ந்துகொண்டதில் டாக்டர் பேச்சு எடுபடாது.

மத்தியானம் மேசைக்கு வந்தேன். நீ சாப்பிட்டால்தான் நான் சாப்பிடுவேன் என்று சொல்லத்தான் நாக்கு துறுதுறுத்தது. எங்கள் வீட்டில் பட்டினியை வைத்தே எல்லாரையும் மிரட்டிப் பழகிவிட்டோம், அவள் சாமியை, நான் அவளை. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. போன் போடுவதற்கு முன்னாலேயே தட்டை எடுத்து, ஒவ்வொரு வாயாக, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டு முடித்தேன். பிறகுதான் போன் போடச் சொன்னேன்.

"அம்மா, நான் சாப்பிட்டுட்டேன். நீயில்லாம, நானா. நர்சம்மா சாட்சி."

அவள் பேசுமுன் நானே சேர்த்துச் சொன்னேன்.

"சாமி தன் பங்கச் செஞ்சிருச்சு. இனி நீ இழுக்காத. வீட்டுக்கு வந்து சாப்பிடுறது மிச்சம் இருக்கு, அம்புட்டுத்தான. அதுக்கு ஒரு மஞ்சத்துணில காசு முடிஞ்சு வையி. வந்து ரெண்டு பேருமாச் சேந்து போய்ச் செலுத்துவோம். கெடு கேட்டா சாமி குடுக்கும்னு நீதான சொல்லிருக்க?"

"எறங்க மாட்டேங்குது ஆத்தா. பழக்கம் விட்டுப் போச்சு" என்றாள். அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது.

அவளை நான் பார்க்க முடியாது. அவள் கையில் சோறு இருக்கிறதா, மூடி திறந்திருக்கிறதா, எதுவும் தெரியாது. நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடையாது. எதிரே நர்சம்மா உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் அவர் இருந்த இடத்தில் இப்போது நான் இருந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், அதையே சொன்னேன்.

"சின்ன வாயா வையிம்மா. அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. நர்சம்மா தட்டை எடுக்காமல் அப்படியே இருந்தார். நீள மேசையில் எல்லோரும் எழுந்து போயிருந்தார்கள்.

பிறகு மலைமேலிருந்து அம்மாவின் குரல் கொஞ்சம் எரிச்சலோடு வந்தது.

"அட, இந்தச் சோத்துல நான் உப்பே போடல ஆத்தா."