எங்கள் பி.பி. நம்பர்

மண்டிக்காரர் வீட்டுக் கூடத்தில் அந்தக் கறுப்பு டெலிபோன் ஒரு முக்காலியின் மேல் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் ரோஜாப்பூ பின்னிய துணி ஒன்றைப் போர்த்தியிருப்பார்கள். எண்களைச் சுழற்றும் வட்டத்தில் சின்னதாக ஒரு பூட்டு. அந்தப் பூட்டைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. யாராவது கூப்பிட்டால் பேசுவதுதான் எங்கள் உரிமை, நாங்களாக யாரையும் கூப்பிடும் உரிமை கிடையாது. திருவண்ணாமலையில் எங்கள் தெரு முழுக்க அந்த ஒரே போன்தான். மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, வியாபாரத்துக்காக மண்டிக்காரர் வாங்கியது. தெருவில் பாதிப் பேர் அந்த நம்பருக்கு முன்னால் பி.பி. என்று போட்டு, சொந்த நம்பர் மாதிரி ஊரெல்லாம் கொடுத்து வைத்திருந்தோம்.

இன்றைக்கு வேங்கிக்கால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் என் கையில் பட்டையைச் சுற்றி, “பி.பி. ஜாஸ்தியா இருக்குதும்மா” என்றால் அது ரத்த அழுத்தம். அன்றைக்கு பி.பி. போட்ட வேஷங்கள் கொஞ்சமல்ல. அப்பா வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டில் பி.பி. என்றால் அரசுத் தரப்பு வக்கீல், அவர் வராந்தாவில் வந்தால் அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவார். நான் டைப் அடிக்கப் பழகிய இடத்தில், மானேஜருக்காக வேறொருவர் கையெழுத்துப் போடும்போது அடிக்கிற எழுத்து அது. வெளியூருக்குப் பதிவு செய்து பேசும் டிரங்க் காலில் பி.பி. என்றால் இன்னார் வந்தால்தான் பேசுவேன் என்று பதிவு செய்த அழைப்பு. எங்கள் தெருவில், ‘அடுத்த வீட்டுக்குப் போன் பண்ணுங்கள், எங்களைக் கூப்பிடுவார்கள்’ என்று பொருள். “கோர்ட்ல ஆவ முடியல, நம்பர்லயாவது நாம பி.பி. ஆயிட்டோம் பாரு” என்று அப்பா சிரிப்பார்.

போன் வந்தால் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி தெருவைக் கடந்து வந்து கூப்பிடுபவர் மண்டிக்காரரின் மனைவி. அவரை நான் அக்கா என்பேன். கூப்பிடுவதில் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சங்கடமெல்லாம் கூடத்தில்தான். அங்கே எந்நேரமும் வியாபாரிகள் இருப்பார்கள். நாங்கள் ரிசீவரை எடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாகக் காத்திருப்பார்கள். அந்த மரியாதைதான் ஆளைக் கொல்லும். சாவு, கடன், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் அவர்கள் நடுவே நின்றுதான் கத்த வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனில் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். அடுத்த வாரமே அக்கா வாசலில் வந்து நின்றார். “குமாஸ்தா அண்ணா, வேலூர் போனு! சீக்கிரம் வாங்க!” நானும் பின்னாலேயே ஓடினேன். ஷாக் அடிக்கும் என்ற பயத்தில் அப்பா ரிசீவரைக் காதிலிருந்து எப்போதும் சற்றுத் தள்ளியே பிடிப்பார். அவரை ஒட்டி நானும் அக்காவும் நின்றோம். எனக்கு அந்தக் குரல் நன்றாகவே கேட்டது. “பொண்ணு நிறம் கொஞ்சம் கம்மின்னு பையன் நெனைக்கிறான். தப்பா எடுத்துக்காதீங்க.”

அப்பா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சரிங்க... ரொம்ப சந்தோஷங்க... நல்லதுங்க” என்று கத்திவிட்டு ரிசீவரை வைத்தார்.

“இன்னாண்ணா, முடிஞ்சிடுச்சா?” என்றார் மண்டிக்காரர். அப்பா சிரித்து வைத்தார். அக்கா விடுவிடுவென்று உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தார். முதல் பிடி என் உள்ளங்கையில். “வாயில போடு கண்ணு.” போட்டுக்கொண்டேன். சர்க்கரை கரைந்து இறங்கியது, அழுகை மேலே வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினேன்.

நிறத்தைச் சொன்னது வலித்தது. ஆனால் அப்பாவின் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தெருவில் போவோர் வருவோரெல்லாம் “முகூர்த்தம் எப்பங்க?” என்றார்கள். தை மாசம் என்று சமாளித்த அப்பா, பிறகு ஜாதகம் சரியில்லை என்று முடித்தார். அக்காவைப் பார்த்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். விவரம் தெரியாத அந்த மனுஷியை ஏமாற்றிச் சர்க்கரை வாங்கித் தின்றுவிட்டோமே என்று வெட்கம்.

அடுத்த வருஷம் செய்யாற்றிலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுபடியும் அக்கா கூப்பிட வந்தார். நாங்கள் போனபோது, எங்களுக்கு முன்னால் விரைந்து நுழைந்த அக்கா, கூடத்தில் இருந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். “எழுந்து வாங்க எல்லாரும். வெளிய மல்லாட்டை காயுது, யாரு கிளறுறது? நீங்களுந்தான், வாங்க” என்று புருஷனையும் கிளப்பினார். எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நின்றார். அப்பா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு, சாத்திய கதவையே பார்த்தார். போன வருஷம் வேலூர் போனில் வந்த அந்தக் குரல் அக்காவுக்கும் கேட்டிருக்கிறது என்று அந்த நிமிஷம்தான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. தெரிந்தேதான் சர்க்கரை கொடுத்திருக்கிறார்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு போன். என் மகன் நடுத்தெருவில் நின்று உலகத்துக்கே கேட்கும்படி பேசுகிறான். நான் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறேன். பேசி முடித்ததும் அந்த முக்காலியும் ரோஜாப்பூத் துணியும், அன்றைக்குச் செய்யாற்றுக்காரர்களிடம் பேசி ரிசீவரை வைத்துவிட்டு நாங்கள் கதவைத் திறந்ததும் நினைவுக்கு வருகின்றன. அக்கா அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. சிரிப்பை அடக்க முடியாத என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் சர்க்கரை எடுக்க உள்ளே போனார்.