இடது இறகில் ஒரு கயிறு

மூணாறுக்குப் பக்கத்தில், எங்கள் எஸ்டேட்டின் பந்து மைதானத்தில், சுற்றுலாக்காரர்களுக்காக ஒரு ஹெலிகாப்டர் வந்து நின்றது. அதைத் துடைக்க, கட்ட, அவிழ்க்க என்று என்னை வேலைக்கு வைத்தார்கள். நான் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தகரக் கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டத் தெரியாதவனை எங்கள் பக்கம் ஆம்பிளை என்றே சேர்க்க மாட்டார்கள்.

ஹெலிகாப்டரின் தலைமேல் சுற்றும் மூன்று இறகில் பின்பக்கத்து இறகை மட்டும் சிவப்புப் பட்டையால் வாலோடு கட்ட வேண்டும், அதுதான் விதி. ஆனி மாதம் ஒரு சாயங்காலம் காற்று பேயாட்டம் ஆடியது. ஒரு பட்டை எந்த மூலைக்கு என்று, இடது இறகிலும் நைலான் கயிறு போட்டுத் தரையில் முளையடித்து இறுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. கூரை கட்டினால் ஊரைக் கூட்டியா சொல்கிறோம்?

மறுநாள் காலை ஒரே சாரல். பறக்க முடியாது, இஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்று அதை ஓட்டும் கேப்டன் குனிந்து ஓடிவந்து வலது பக்கம் ஏறிக்கொண்டார். நான் சிவப்புப் பட்டையைக் கழற்றி உயர்த்திக் காட்டினேன். அவர் தலையசைத்தார். நைலான் கயிறு என் கண்ணில் பட்டது. மனதில் ஏறவில்லை. காற்றுக்காலத்தில் கட்டிய கயிற்றைக் காற்று ஓயும்வரை நாங்கள் தொடுவதில்லை.

இஞ்சின் சுற்றியது. கயிறு இழுத்தது. இறகு முறிந்து வாலை வெட்டியது. ஒரு துண்டு என் தோளுக்கு மேலே போனது. இறங்கிவந்த கேப்டனுக்குக் கீறல்கூட இல்லை. எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

"லயத்துத் தகரம்னு நெனச்சியாடே?" என்றார் சூப்பர்வைசர். பிறகு தனியாக அழைத்து, "கயிறு கட்டுனத கேப்டன்ட்ட சொன்னேன்னு சொல்லிரு. இல்லன்னா ஒனக்கு வேல இல்ல" என்றார். அப்படிச் சொன்னால் கேப்டனின் லைசென்ஸ் போகும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுவது என்று மனைவியிடமும் சொல்லிவிட்டுத்தான் விசாரணைக்குப் போனேன்.

அதிகாரி மேசைமேல் கயிற்றை வைத்திருந்தார். நான் வாய் திறக்குமுன் ஒரு தாளைப் பார்த்துப் பேசினார்: "கயிறு கட்டுனத மொத நாளே நீங்க தன்கிட்ட சொல்லிட்டதாவும், தான்தான் சுத்திப் பாக்காம ஸ்டார்ட் பண்ணிட்டதாவும் கேப்டன் எழுதிக் குடுத்திருக்கார். சரிதானே?"

"ஆமா சார்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் கேப்டன் உட்கார்ந்திருந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கும் "ஆமா சார்" என்றேன்.