இருபது கிராம் உருண்டை

2025 ஜூலை 9, புதன்கிழமை. ஐந்தே கால் மணிக்கு எழுந்தேன். அன்று ஆற்றுத் தண்ணீர் விடும் நாள். இரண்டு டிரம்மும் ஆறு குடமும் பிடித்து முடிக்க ஐந்து ஐம்பது ஆனது. பால் வாங்கி வந்து காய்ச்சினேன். ஆறே காலுக்கு மனைவியை எழுப்பினேன். புதன்கிழமைதோறும் ஆறே காலுக்கு, வெறும் வயிற்றில், அதே நீல நைட்டியில் அவளுக்கு எடை பார்ப்பது வழக்கம். எடை மிஷினை ஹாலில் கதவிலிருந்து மூன்றாவது டைல்ஸ் மேல் வைப்பேன். மற்ற டைல்ஸ்களின் மேல் அது லேசாக ஆடும்.

நாற்பத்தொன்று புள்ளி நான்கு.

"எவ்வளவுங்க?" என்றாள். குனிந்தால் தலை சுற்றுகிறது என்பதால் அவள் கீழே பார்ப்பதில்லை.

"நாப்பத்தொண்ணு நாலு."

"மிஷின்ல பேட்டரி போயிருக்கும்."

"பேட்டரி போன வாரந்தான் மாத்துனேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்ப் படுத்தாள். நான் நோட்டில் எழுதினேன். ஜூன் 18: 43.6. ஜூன் 25: 43.3. ஜூலை 2: 42.3. ஜூலை 9: 41.4.

வயிற்றில் கட்டி என்று மார்ச் மாதம் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் ஊசி வழியாக மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறேன். நான்காவது ஊசி ஜூலை 14, திங்கட்கிழமை. எடை நாற்பத்திரண்டுக்குக் கீழே போனால் மருந்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தள்ளிப்போகாம பாத்துக்குங்க" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நான் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இருபத்தெட்டு வருடமாகிறது. அவளும் பத்தொன்பது வருடம் அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். தைத்த பீஸை விரித்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஒரு பீஸுக்கு நாற்பது விநாடி. அவள் பாஸ் பண்ணிய பீஸில் நான் ஓட்டை கண்டதில்லை. லைன் சூப்பர்வைசர்கள் அவளைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். "இந்தக்கா கண்ணுல சிக்குனா தையலே இல்லாத வேட்டியக் குடுத்தாலும் ரிஜெக்ட்டு" என்பார்கள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவளால் தாளிக்கும் வாசனையைத் தாங்க முடியவில்லை. கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வாஷ்பேசினுக்குப் போவாள். நெய் வாசனை, சோறு வேகும் வாசனை, எதுவும் ஆகவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போனில் சொன்னாள். "அடுப்பே பத்த வெக்காதீங்கப்பா. பேரீச்சம்பழமும் பருப்பும் அரைச்சு உருண்டை புடிங்க. சின்னதா இருந்தாலும் சத்து. ஒண்ணு தின்னாலே போதும்." வீடியோ ஒன்றும் அனுப்பினாள். அதை நான்கு முறை பார்த்து அளவுகளைக் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 18 காலை முதல்முறை செய்தேன். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 250 கிராம். பாதாம் 80. முந்திரி 60. கடையில் வறுத்தே வாங்கிய நிலக்கடலை 60, தோல் ஊதியது. உலர்திராட்சை 40. காங்கேயத்திலிருந்து வந்த தேங்காய்ப் பருப்பு 50, துருவியது. ஏலக்காய் இரண்டு. முதலில் பருப்புகளை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது நிறுத்திவிட்டு, பேரீச்சையையும் திராட்சையையும் தனியாக அரைத்துச் சேர்த்துப் பிசைய வேண்டும். உருட்டும்போது உள்ளங்கையில் நெய் தடவச் சொல்லியிருந்தார்கள். நான் ஈரக் கையால் உருட்டினேன்.

துணியை வட்டமாக வெட்டி அதன் கனம் பார்க்கும் சிறு தராசு ஒன்று கம்பெனியில் கழித்துப் போட்டது என்னிடம் இருந்தது. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். ஒவ்வொரு உருண்டையையும் அதில் வைத்து இருபது கிராமுக்குக் கொண்டுவந்தேன். அரை கிராம் கூடலாம், அரை கிராம் குறையலாம்.

அன்று அவள் இரண்டு தின்றாள். மூன்றாவது ஊசிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஊசிக்கு முந்தைய வாரத்தில் அவளுக்கு வாய் கொஞ்சம் தேறும். "ஏனுங்க, நல்லா இருக்குதுங்க. ஏலக்காயும் அளவா இருக்குது. இதே மாதிரி செய்யுங்க" என்றாள். மூன்று மாதத்தில் அவள் சாப்பாட்டைப் பற்றி நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டரைத் தைக்கும் முன் ஒரு பீஸ் தைத்து, வாங்குகிற பார்ட்டிக்கு அனுப்புவோம். அவர்கள் சரி என்று கையெழுத்துப் போட்டால் அந்தப் பீஸைப் பாலிதீன் கவரில் போட்டு, சீட்டுக் கட்டி, சீல் வைத்துவிடுவோம். அப்ரூவல் சாம்பிள் என்று பெயர். அதன் பிறகு எத்தனை ஆயிரம் பீஸ் தைத்தாலும் அதைப் பார்த்துத்தான் தைக்க வேண்டும். நடுவில் யாரும் எதையும் மாற்றக் கூடாது. ஒரு தையல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அன்று ஓர் உருண்டையை எடுத்து ஜிப் கவரில் போட்டேன். சீட்டில் தேதி, எடை, ஏலக்காய் இரண்டு என்று எழுதினேன். தயாரிப்பு என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பார்ட்டி என்ற இடத்தில் அவளைப் போடச் சொன்னேன். படுக்கையிலிருந்தபடியே சிரித்துக்கொண்டு போட்டாள். "ஷிப்மெண்ட் லேட்டாச்சுன்னா டிஸ்கவுண்ட் கேப்பேன், பாத்துக்குங்க" என்றாள். கவரை ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் தட்டில் வைத்தேன்.

அதற்குப் பிறகு, அரைத்த கலவையை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, நான்கு நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் உட்கார்ந்து எட்டு எட்டாக உருட்டினேன். ஒவ்வொரு முறையும் சாம்பிளை வெளியே எடுத்து வைத்து நிறம் ஒத்துவருகிறதா என்று பார்ப்பேன். கம்பெனிக்குக் கிளம்பும் முன் இரண்டு உருண்டையைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு அவள் தலைமாட்டில் வைப்பேன். பதினொரு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று. தின்றதும் நோட்டில் அவளே குறிப்பாள். தினமும் மாலை வந்து பார்த்தால் இரண்டு என்று இருக்கும். இருபத்தொரு நாள், இருபத்தொரு இரண்டு.

எடை குறைந்தபோது நான் மிஷினைச் சந்தேகப்பட்டேன். பேட்டரி மாற்றினேன். ஐந்து கிலோ அரிசிப் பையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், சரியாக ஐந்து காட்டியது. சின்னத் தராசையும் சோதித்தேன். பாதாமைக் கடை மாற்றி வாங்கினேன். சோதிக்க வேண்டியதையெல்லாம் சோதித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

9-ஆம் தேதி மாலை ஆறரைக்கு வீடு திரும்பினேன். அவள் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நோட்டைப் பார்த்தேன், இரண்டு என்று இருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். அடுத்த வீட்டு ஒடிசாப் பெண். புருஷனும் அவளும் தையலுக்கு வந்தவர்கள். ஏழு மாதக் கர்ப்பம் என்பதால் இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை. கையில் எங்கள் எவர்சில்வர் டப்பா இருந்தது.

"அண்ணா, அக்கா டப்பா. தேங்க்யூ."

டப்பாவைக் காலியாகத் தரக் கூடாது என்று அதில் பொரி நிரப்பியிருந்தாள். வாங்கிக்கொண்டேன்.

"லட்டு ரொம்ப நல்லா இருக்கு அண்ணா. இன்னிக்கு செக்கப் போனேன். வெயிட் ரெண்டு கிலோ ஏறிச்சு. டாக்டர் அம்மா ஹேப்பி. உள்ள இருக்கறதும் ஹேப்பி, ஒதைக்குது."

"எந்த லட்டும்மா?"

"டெய்லி லட்டு அண்ணா! டெய்லி ரெண்டு. நீங்க பண்றது, அக்கா சொன்னா. எங்க வீட்டுக்காரர்ட்ட காட்டினேன், பாரு, அண்ணா எவ்ளோ வேலை செய்றாருன்னு."

சந்தோஷம் என்றேன் என்று நினைக்கிறேன். அவள் போனபின் கதவைச் சாத்தினேன். மனைவி கண் திறந்திருந்தாள்.

"டப்பாவ நீங்க வர்றதுக்கு முன்னாடியே குடுத்துருன்னு சொல்லியிருந்தேன்" என்றாள். "அந்தப் புள்ளைக்குத் தமிழ் பாதிதான் புரியுது."

"எத்தன நாளா?"

"மூணாவது ஊசி போட்டுட்டு வந்தமில்லீங்க, அதுக்கு மக்யா நாள்ல இருந்து."

ஊசிக்கு மறுநாள், ஜூன் 24. அன்றிலிருந்து முப்பத்திரண்டு உருண்டை.

"நோட்டுல டெய்லி ரெண்டுன்னு எழுதியிருக்கறயே."

"டப்பாவுல இருந்து ரெண்டு போச்சுதில்லீங்க. அதைத்தான் எழுதுனேன்."

"ஏம்மா, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"வாயில வெச்சா தையல் மிஷின் ஊசியைச் சப்பற மாதிரி இருக்குதுங்க. அப்பறம் பசையாட்டம் அண்ணத்துல ஒட்டிக்குது. முழுங்கறதுக்குள்ள வாந்தி வந்துருது."

"சொல்லியிருந்தா வேற ஏதாச்சும் செஞ்சிருப்பனே."

"நீங்கதான் சாம்பிள் சீல் பண்ணி ஃபிரிட்ஜுல வெச்சுட்டீங்களே. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். கையெழுத்துப் போட்ட பார்ட்டி எப்படிங்க ரிஜெக்ட் பண்றது?"

என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"காத்தால பாப்பேனுங்க" என்றாள். "தரையில உக்காந்துட்டு ஒவ்வொண்ணா உருட்டித் தராசுல வெப்பீங்க. துளி கிள்ளி எடுப்பீங்க, மறுக்கா வெப்பீங்க. அதைப் பாத்துட்டு வேண்டாமுன்னு எப்படிச் சொல்றது? குப்பையில போடவும் மனசு வரல. வாயும் வயிறுமா இருக்கற புள்ளை. ஆரு ஒடம்புலயாச்சும் சேரட்டும்."

அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பத்தொன்பது வருடம் யாருக்கும் பயப்படாமல் ஸ்டிக்கர் ஒட்டியவள், என் பீஸுக்கு மட்டும் ஒட்டவில்லை. ஒட்ட முடியாதபடி செய்துவைத்தது நான்தான். மாலைதோறும் நோட்டைத்தான் பார்த்தேன். அவளிடம் ஒருநாள்கூட, இன்றைக்கு எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

வாசல் படியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போன் செய்தேன். நர்ஸ் எடையைக் கேட்டார். சொன்னேன்.

"ஒரு நாளைக்கு உண்மையில என்ன சாப்பிடறாங்க? எவ்வளவு சாப்பிடறாங்க?"

நோட்டு என் மடியில் விரிந்திருந்தது. தேதி, மணி, கிராம் எல்லாம் இருந்தது. "தெரியலீங்க" என்றேன்.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாரு. இந்த எடையில மருந்து போடறது கஷ்டந்தான். மூக்கு வழியா டியூப் வெச்சு ஆகாரம் குடுக்கணும்னாலும் சொல்லலாம், ரெடியா வாங்க."

திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளில் அறுநூறு கிராம் ஏற்ற வேண்டும். ஊசிக்குப் பிறகு இரண்டு வாரத்தில் ஒன்று புள்ளி ஒன்பது கிலோ இறங்கிய உடம்பு அது. அந்தக் கணக்கை ஒருமுறைதான் போட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் டப்பாவைத் திறந்து பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைத்துக் கரையவிட்டாள்.

"இதுல நாத்தமே இல்லீங்க. ருசியுமில்ல. நல்லா இருக்குது" என்றாள்.

டப்பாவில் மீதியிருந்த பொரியைக் கையில் அள்ளிப் பார்த்தேன். கனமே தெரியவில்லை. பழக்க தோஷத்தில் தராசில் வைத்தேன். ஒன்பது கிராம். அவளுக்கு உள்ளே போவது அது ஒன்றுதான். அதில் எடை ஏற்ற ஒன்றுமில்லை. அவளிடம் சொல்லவில்லை. கிண்ணத்தில் கொட்டிக் கையில் கொடுத்தேன். ஏழரை வரை உட்கார்ந்து தின்றாள். நடுவில் ஒருமுறை, "நோட்டுல எழுதிக்குங்க" என்றாள். எழுதவில்லை.

ஜூலை 10, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். முதல் வேலையாக ஃபிரிட்ஜைத் திறந்து சாம்பிள் கவரை எடுத்தேன். சீட்டைக் கழற்றினேன். கவரைக் கத்தரியால் வெட்டி, உருண்டையை ஃபிரிட்ஜ் வெளிச்சத்திலேயே நின்று தின்றேன். இத்தனை நாளில் நான் அதை ஒருமுறையும் தின்று பார்த்திருக்கவில்லை. பேரீச்சை இனித்தது. பாதாம் பல்லில் நொறுங்கியது. ஏலக்காய் அளவாக இருந்தது. மெதுவாக, கடைசித் துணுக்கு வரை மென்று பார்த்தேன். குறை எதுவும் இல்லை.