கோப்பைத் திற

அச்சகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஒற்றர். வேவு பார்ப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுகூட மனிதருக்குத் தெரியாது. அவர் துரத்தியதெல்லாம் காணாமல்போன ஒற்றெழுத்துகளைத்தான். ஒரு க், ஒரு த் விடுபட்டிருந்தால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இருபத்தெட்டு வருடம் மெய்ப்புப் பார்த்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் சிவப்பு மையில் 'பார்த்தேன். அச்சிடலாம்' என்று எழுதுவார். அது விழாமல் இயந்திரம் ஓடாது. ஆனால் எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. அதை அவர் குறையாக நினைக்கவில்லை. அவர் மனைவிக்குத்தான் அது பெரிய குறை.

போன வருடம் கண் மங்கத் தொடங்கியது. எழுத்து தெரிந்தது, அதன் தலையில் இருக்கும் புள்ளி தெரியவில்லை. ஒரு புத்தகத்தின் அட்டையிலேயே ஒரு த் புள்ளியில்லாமல் போய்விட்டது. முதலாளி கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இவரே சிவப்புப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், தெளிவு திரும்பாது என்று கண் டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

அதிலிருந்து ஜன்னலோர நாற்காலியே கதி. எதைக் கேட்டாலும் 'ம்'. பிழை பிடிக்காத புருஷனோடு அவள் வாழ்ந்து பழகியதில்லை. கடைச்சீட்டில் அவள் 'எண்ணை' என்று எழுதினால், நின்று 'எண்ணெய்' என்று திருத்திவிட்டுத்தான் செருப்பையே மாட்டுவார். ஒருநாள் வேண்டுமென்றே 'எண்ணை' என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். மறுபேச்சில்லாமல் போய் வாங்கி வந்துவிட்டார். அன்றைக்கு அவள் அடுப்படியில் நின்று அழுதாள்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி ஆய்வகத்தில் உதவியாளர். படித்துக் கற்றவள் இல்லை, துடைத்துத் துடைத்தே கற்றவள். பள்ளியில் கழித்துப்போட்ட கணினி ஒன்றைத் தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கி வந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, கூடத்து மேசையில் அதை வைத்து, உள்ளே இருந்ததை அடியோடு அழித்தாள். பென் டிரைவிலிருந்து கட்டற்ற மென்பொருளை ஏற்றினாள். அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து. எழுதுவதற்கு ஒன்று, எழுத்தைப் பெரிதாக்க ஒன்று, வாய்விட்டுப் படித்துக்காட்ட ஒன்று, கடிதம் வந்தால் பார்க்க ஒன்று. திரையில் இவற்றுக்கான நாலே படங்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பெருக்கித் தள்ளினாள். கடைசியில் மொழியைத் தமிழுக்கு மாற்றினாள்.

"வந்து உக்காருங்க."

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"எனக்காக. அஞ்சு நிமிஷம்."

வந்தார். வேண்டாவெறுப்பாக மவுஸை நகர்த்தினார். ஒரு பட்டியல் விரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். அவர் முதுகு நிமிர்ந்தது.

"இது என்ன, 'கோப்பை திற'?"

"ஃபைலைத் திறக்கிறதுக்குங்க."

"நடுவுல ஒரு த் போட்டு 'கோப்பைத் திற'ன்னு எழுதினாத்தான் அது ஃபைல். போடலைன்னா டீ குடிக்கிற கோப்பை. எந்த மகராசன்டா டீக் கோப்பையைத் திறக்கச் சொல்றது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. தன் சந்தோஷத்தைக் காட்டிக்கொண்டால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவாரோ என்று பேச்சை மாற்றினாள்.

"கீழ 'கோப்பை மூடு'ன்னும் இருக்கே?"

"அதை ஒண்ணும் பண்ண முடியாது. ம-வுக்கு முன்னாடி ஒற்று மிகாது."

"அப்ப மேல இருக்கிறதைத் திருத்துங்க."

"அச்சானதை எப்படித் திருத்துறது?"

"இது அச்சாகி முடியறதே இல்லைங்க. தமிழ்ல போட்டவங்க நம்மள மாதிரி ஆளுங்கதான். யார் வேணாலும் திருத்தி அனுப்பலாம்."

தன் மின்னஞ்சல் முகவரியை வைத்தே மொழிபெயர்ப்புத் தளத்துக்குள் நுழைந்து இடத்தைக் காட்டினாள். சேர்க்க வேண்டியது ஒரே ஒரு த். அதற்கு அவர் இரண்டாம் வேற்றுமையில் ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் விளக்கம் சொல்ல, அவள் தட்டச்சு செய்தாள்.

"ஒரு எழுத்துக்கு இவ்வளவா?"

"காரணம் சொல்லாம திருத்தினா அது அதிகாரம்."

இரண்டு வாரம் பதிலில்லை. தினமும் காலையில் "வந்துச்சா?" என்பார். மூன்றாவது வாரம் கேட்பதை நிறுத்தினார். நாற்காலியை மறுபடி ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முகம் தெரியாத அந்தப் பதில் போடாத ஆளை மனசுக்குள் வைது தீர்த்தாள்.

ஒரு மத்தியானம் பதில் வந்தது. உரக்கப் படித்தாள். "திருத்தத்தைச் சேர்த்துவிட்டோம். தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் விளக்கத்தை எங்கள் குழுவில் எல்லோரும் படித்தோம். இன்னும் நாலாயிரம் வரிகள் பார்க்க ஆளில்லாமல் கிடக்கின்றன. பார்த்துத் தருவீர்களா?"

அவர் எழுந்து, நாற்காலியைத் தூக்கி வந்து, மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

நாலாயிரம் வரிகளுக்கும் ஐந்து மாதம் பிடித்தது. மென்பொருளின் அடுத்த புதுப்பிப்பு வந்த அன்று, தமிழாக்கம் செய்தவர்களின் பட்டியலை அவள் ஆசையாகத் திறந்தாள். கடைசிப் பெயரைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"ஐயோ, என் கணக்குலேர்ந்து அனுப்பினதால என் பேரைப் போட்டிருக்காங்க. இங்கயாவது உங்க பேரு வரும்னு பாத்தேனே. இப்பவே எழுதி மாத்தச் சொல்றேன்."

"கொஞ்சம் தள்ளு."

எழுத்தைப் பெரிதாக்கினார். அவள் பெயர் திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நின்றது. அவர் அதன்மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, புள்ளி புள்ளியாக, அச்சகத்தில் பார்ப்பதுபோலவே நிதானமாகப் படித்து முடித்தார்.

"பார்த்தேன்," என்றார். "அச்சிடலாம்."