கிளுவை வேலியில் ஒரு சந்து

எழுபதுகளில் அப்பாவும் பெரியப்பாவும் கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்ததா என்று கேட்காதீர்கள். மானஸ்தர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே கிளுவை வேலி எழுந்தது. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் போதும், ராசிபுரத்து வெயிலிலும் துளிர்த்து முள்ளோடு நிற்கும். தழையை ஆடு தின்னும். கீறிய இடத்தில் வாசனைப் பிசின் கசியும்.

இந்த ஏற்பாட்டில் யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையையே கட்டிவைத்தால் குடும்பம் பிரியாது என்று பெரியவர்கள் யோசித்திருந்தார்கள். பிரமாதமான யோசனை.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பிசின் எடுக்கப் போவாள். சாம்பிராணிக்குப் பதில் அதைத்தான் தணலில் போடுவோம். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், வேலியில் கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது. அந்தப் பக்கம் பெரியம்மாவுக்கும் அதே நேரத்தில்தான் பிசின் தேவைப்படும். ஒரு மணி நேரம் கழித்து அம்மா சுண்டைக்காய் அளவு பிசினோடு திரும்புவாள்.

"இதுக்கு இத்தன நேரமா?" என்பார் அப்பா.

"அது கசிஞ்சு வரோணுமில்லீங்களா?"

ஒருநாள் அப்பா வேலியில் அந்தச் சந்தைப் பார்த்துவிட்டு, அதை அடைக்கப் போத்து நட்டார். காய்ந்தது. எருப் போட்டு நட்டார். அதுவும் காய்ந்தது. "காஞ்ச கட்டையே தழையற சாதி, இங்க மட்டும் ஏம்புள்ள சாவுது?" என்று மண்ணை எடுத்து முகர்ந்தார். சோறு வடித்த கொதிகஞ்சியை அம்மா அங்கேதான் கொண்டுபோய் ஊற்றுகிறாள் என்பதை அந்த மண் ஆராய்ச்சியாளர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எண்பதுகளில் பெரியம்மா காய்ச்சலில் படுத்தாள். "அக்காள ஒருக்கா பாத்துட்டு வாரேனுங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"அவன் ஊட்டு வாசல மிதிக்கப்படாது" என்றார் அப்பா.

மூன்று நாள் அம்மா சந்தில் போய் நின்றாள். அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. நான்காம் நாள் ஒப்பாரி கேட்டது.

சாவு வீட்டில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அத்தனை வருஷப் பகை, வெற்றிலை மடிக்கும் நேரத்தில் தீர்ந்தது. ஊரே மெச்சியது. எனக்கு அப்பா மேல் வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா தாராள மனதோடு அரிவாளை எடுத்தார். "இனி எதுக்குப் புள்ள வேலி? அந்தச் சந்தப் பெருசா வெட்டி வழி உட்டுறலாம்."

அம்மா அடுப்பை விட்டு எழவில்லை.

"நா யாரப் பாக்கப் போறதுக்குங்க?" என்றாள்.