அக்கரையிலும் அம்மை குத்தினார்கள்

நாற்பத்திரண்டு வயது வரைக்கும் நான் ஒன்றை உறுதியாக நம்பியிருந்தேன். என் தோலில் எங்கே ஒரு கீறல் விழுந்தாலும், ஓட்டை விழுந்த குடம் மாதிரி கடைசிச் சொட்டு வரை வடிந்து நான் வெறும் தோலாகிவிடுவேன். மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம்.

நம்பக் காரணம் இருந்தது. என் அம்மா வழி ஆண்களுக்கு அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் பெற்ற ஆண்பிள்ளைகளுக்குத்தான். மாமா ஒருவர் பல் பிடுங்கிக்கொண்டு, ரத்தம் நிற்காமலே போய்ச் சேர்ந்தார். நான் சின்ன வயதில் நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் சிவப்பாகத் துப்பினேன். அன்றிலிருந்து சவரக் கத்திகூட என்னிடம் வந்ததில்லை. என் தாடியைப் பார்த்து விபூதி கேட்டவர்கள் உண்டு, கொடுத்தும் இருக்கிறேன்.

அம்மையும் குத்திக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் குருவிநத்தம், பிரெஞ்சு எல்லை. பெண்ணையாற்றைக் கடந்தால் இங்கிலீஷ் எல்லை. இங்கே அம்மை குத்துகிறவர் வந்தால் அம்மா என்னை அக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அங்கே வந்தால் இக்கரைக்கு. அம்மா காலமான பிறகு நானே நடந்து போய்வந்தேன். ஊரில் பலரும் இப்படித்தான். அவர்கள் மாரியாத்தாவின் கோபத்துக்குப் பயந்தார்கள், நான் கத்தி நுனிக்குப் பயந்தேன். இரண்டு சர்க்காரும் என் புஜத்தைப் பார்த்ததே இல்லை.

எனக்கு நாற்பத்திரண்டு வயதான கோடையில் ஆற்றின் இரண்டு கரையிலும் பெரியம்மை வந்தது. எதிர்வீட்டு வாசலிலும் வேப்பிலை செருகிவிட்டார்கள். குத்திக்கொண்டால் ரத்தம் போய்ச் சாவேன், குத்திக்கொள்ளாவிட்டால் அம்மையில் சாவேன். இரண்டில் எது தாமதமாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மை குத்துகிறவர் தெருமுனைக்கு வந்துவிட்டார்.

என் மனைவி அம்மை குத்திக்கொண்டு, கையில் துணிக்கட்டோடு உள்ளே வந்தாள்.

"ந்தா, எங்க கெளம்பிட்ட?"

"அக்கரையில அக்கா வூட்டுக்கு. பாத்து நாளாச்சி."

"முந்தாநேத்துதான பாத்த? இன்னா மனுசன் நீ! எதிர்வூடு வரைக்கும் வந்துடுச்சி, வந்து கைய நீட்டு."

நீட்டவில்லை, கொல்லைப்புறமாக ஓடினேன். ஆறு வறண்டு மணலாகக் கிடந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியதில், பெண்கள் தண்ணீருக்குத் தோண்டியிருந்த ஊற்றுக் குழியில் விழுந்தேன். முழங்கால் ஒரு செப்புக்குடத்தில் போய் மோதியது.

"கண்ண வூட்லயே வெச்சிட்டு வந்தியாய்யா? கொடம் நசுங்கிப்போச்சே!" என்றாள் குடத்துக்காரி.

முழங்காலைத் தடவிப் பார்த்தேன். தோல் கிழியவில்லை, ரத்தம் இல்லை, அது போதும். எழுந்து மறுபடி ஓடினேன்.

அக்கரைப் புளியமரத்தடியில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் இங்கிலீஷ் சர்க்காரின் அம்மை குத்துகிறவர். நாங்கள் காலங்காலமாக இப்படித் தாண்டித் தாண்டித் தப்பிப்பதைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கத்து அதிகாரிகளும் கலந்து பேசி, ஒரே நாளில் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வரிசையில் என் அக்கா நின்றிருந்தாள். என் சட்டையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"ஐயா, நான் பிரெஞ்சுக் குடி. இங்க என்னைக் குத்தக் கூடாது" என்றேன்.

"அம்மைக்கு எந்தக் குடின்னு தெரியுமாய்யா? உக்காரு" என்றார் அவர்.

"எனக்கு ரத்தம் நிக்காதுங்க."

அக்கா குறுக்கே வந்தாள். "எம் மவனுக்கும் அதே ரத்தம்தான்டா. காலையிலதான் குத்திக்கிட்டான். இப்ப வண்டி பூட்டிக்கினு போயிட்டான். ஒனக்கு ரத்தம் நிக்காதது இருக்கட்டும், மொதல்ல ஒன் வாயி நிக்கட்டும்."

வண்டியோட்டுகிற மருமகன் உயிரோடு இருக்கும்போது மாமன் என்ன சொல்ல முடியும்? உட்கார்ந்தேன். ஆனாலும் அக்காவிடம், "மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லு, பொண்டாட்டிய அழ வேணாம்னு சொல்லு" என்று கடைசி வார்த்தைகளைச் சொல்லிவைத்தேன். வரிசையில் சிரிப்பு. கண்ணை மூடிக்கொண்டேன். எறும்பு கடித்த மாதிரி இருந்தது.

"எழுந்திருய்யா, ஆச்சி."

"எவ்ளோ போச்சி?"

"எது?"

பார்த்தேன். இரண்டு சொட்டு. துணியை வைத்து அழுத்தச் சொன்னார், அழுத்தினேன், நின்றுவிட்டது. நான் நம்பவில்லை. துணியை எடுத்து எடுத்துப் பார்த்து, நின்றிருந்ததை நானே மறுபடி கசியவிட்டேன். அக்கா என் கையில் பட்டென்று ஒன்று போட்டாள். சாயங்காலம் வரை புஜத்தையே பார்த்துக்கொண்டு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான் கால் வரவில்லை. வேட்டியை விலக்கினால், முழங்கால் பூசணிக்காயாக வீங்கி, நெருப்பாகச் சுட்டது. முன்பெல்லாம் இப்படி வீங்கும்போது வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்து மூட்டில் கட்டியிருக்கிறது என்று, பிற்பாடு புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்னார்.

என்னை மாட்டுவண்டியில் வைக்கோல் போட்டு ஆற்றைக் கடத்திக் கொண்டுவந்தவன் அந்த மருமகன்தான். ஒரு மாதம் படுத்திருந்தேன். அம்மை எனக்கு வரவில்லை. குத்திய இடத்தில் தழும்பு இருக்கிறது. ஓடியபோது அடிபட்ட கால் இன்றுவரை முழுதாக நீளவில்லை.