அண்ணன் வந்துபோகும் பக்கம்

ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டு ஹாலில், அலுவலகத்தில் கழித்துக்கட்டிய ஒரு பழைய கணினி நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். என் இணையப் பக்கம் இருந்தது அதற்குள்தான். படமில்லை, அலங்காரமில்லை. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். "அம்மா பசியாறியாச்சு. ரெண்டு தோசை. முட்டிவலி தேவலை." தினமும் இப்படி நாலு வரி எழுதுவேன்.

அதைப் படிக்கவேண்டிய ஆள் ஒரே ஒருவன்: மெல்பர்னில் இருக்கும் என் அண்ணன். அப்பாவின் கருமாதிக்குக்கூட நிற்காமல், லீவு இல்லை என்று விமானம் ஏறியவன். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று அம்மா சொல்லிவிட்டார். அவனும் ரோஷக்காரன். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. நடுவில் கிடந்து வெந்தது நான்தான். இரண்டு பேரையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டினால் என்ன என்றுகூட எனக்கு ஆத்திரம் வரும்.

பக்கத்தின் முகவரியை அவனுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு மெல்பர்னிலிருந்து ஒருவர் வந்து பார்த்ததாகக் கணினி குறித்து வைத்தது. வேறு யார் வரப்போகிறார்கள்?

பக்கம் எங்கள் வீட்டில் இருப்பதால், படிக்கிறவர் எங்கள் வீடுவரை வந்துதான் ஆகவேண்டும். அப்படித்தான் எனக்குத் தோன்றும். ஏழு மணிக்கு கோப்பியோடு கணினி முன் உட்காருவேன். யாராவது பக்கத்தைத் திறந்தால் கணினியின் பச்சை விளக்கு படபடவென்று துடிக்கும். கடலுக்கடியில் எப்படியோ நீந்திவந்து, அண்ணன் எங்கள் ஹாலில் ஒரு கணம் நிற்கிறான். அம்மா அவனைக் கடந்து துணி காயப்போடப் போகிறார். இளவெயிலில் தூசி மிதக்கும். எழுந்து அவனுக்கும் ஒரு கோப்பி கலக்கலாமா என்றிருக்கும். ஒரு வருஷம் இந்த மயக்கத்திலேயே கழிந்தது. அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை.

பிறகு பாலோ என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் போனேன். முட்டிவலியால் அம்மா வரவில்லை. இங்கே சாயங்காலமானால் இடிதான். இடி கேட்டால் அம்மா வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவார். மழை விட்டதும் நான் கணினியைத் திரும்பப் போட்டுவிடுவது வழக்கம். இந்தமுறை போட ஆளில்லை; பக்கமும் திறக்கவில்லை. அண்ணன் எனக்கு மெசேஜ் மேல் மெசேஜ் போட்டிருக்கிறான். மேளச்சத்தத்தில் நான் எங்கே பார்த்தேன்?

திரும்பி வந்தால் பச்சை விளக்கு எரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அலமாக்! ஏம்மா இதப் புடுங்கிப் போட்டீங்க?"

அம்மா மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கத்தாதடி. உங்கண்ணன் கூப்பிட்டான்."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"எடுத்த உடனே அழுவுறான். 'அம்மா, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே'ங்கிறான். நீ என்னமோ எழுதுவியாமே, அது தொறக்கலையாம். நான் போய்ச்சேந்துட்டேன்னு நெனச்சிட்டான். 'இடி இடிச்சிச்சு, பிளக்கப் புடுங்கிட்டேன்டா, வேற ஒண்ணுமில்ல லா'ன்னேன். அழுதுகிட்டே சிரிக்கிறான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேத்தும் கூப்பிட்டான். இன்னிக்கும் கூப்பிட்டான்."

சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், குனிந்து கணினியின் பிளக்கை எடுத்தேன்.

"அதப் போடாத" என்றார் அம்மா.

"ஏம்மா? இனிமே உங்ககிட்ட சொல்லிட்டே எழுதலாமே."

"நீ எழுதுனா அவன் படிச்சிட்டுப் போயிருவான்டி. என்னைய எதுக்குக் கூப்பிடப் போறான்?"

நல்லது செய்கிறேன் என்றுதானே ஒரு வருஷமாக எழுதினேன். பிளக்கைத் தரையில் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.